கண்ணோய்க்கு ஏடு வைத்த காவலர் – தஞ்சைச் சரபோஜி மன்னர்

போரில் வென்ற மன்னர்களை நாம் அறிவோம். கோயிலும் குளமும் கண்ட மன்னர்களையும் அறிவோம். ஆனால், ஏழைக் குடிமகனுக்குக் கண் மங்கியது எதனால் என்று வினவச் செய்து, அவன் குறையைத் தாளில் எழுதுவித்து, நோயுற்ற கண்ணைப் படமாகவும் தீட்டுவித்து, அவற்றை அரண்மனை நூல்நிலையத்திலே காத்து வைத்த மன்னர் ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தார் என்பதை நம்மிற் பலர் அறியோம். அவர்தாம் தஞ்சையில் வீற்றிருந்த இரண்டாம் சரபோஜி மன்னர். அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகக் கூறுவதும், அவ்வாழ்க்கையைக் கொண்டு நம் வீட்டு முதியோரின் கண்களைப் பற்றிச் சிறிது சிந்திப்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சந்திரகிரியில் குடியிருக்கும் நமக்குத் தஞ்சை தொலைவான ஊர் அன்று. மலையடிவாரத்தில் நிற்கும் ராஜமகாலைக் குழந்தைகளுக்குக் காட்டும்போது, இங்கிருந்து அரசு செலுத்திய வேங்கடபதி ராயரின் மேலாட்சியைத் தஞ்சை நாயக்கர்கள் ஏற்றிருந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். நாயக்கர்களோடு தெலுங்கு தஞ்சைக்குச் சென்றது. அவர்களுக்குப் பின்வந்த மராட்டியர் காலத்திலும் அது அங்கே வாடவில்லை. சரபோஜி மன்னர் தஞ்சையில் இருந்த காலத்தில்தான், அருகிலுள்ள திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் தெலுங்கில் பாடிக்கொண்டிருந்தார். அன்று தமிழ் மண்ணில் தெலுங்கு வாழ்ந்தது. இன்று தெலுங்கு மண்ணில் நாம் வாழ்கிறோம். மொழி கடந்து வாழ்வது எப்படி என்பதற்கும் இம்மன்னர் நமக்கு ஒரு பாடமாக விளங்குகிறார்.

இளமை

சரபோஜி 1777-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் பிறந்தார். தஞ்சையை ஆண்ட துளஜா மன்னருக்குத் தம் மக்களை எல்லாம் இழந்த துயரம் இருந்தது. ஆகவே, போன்சலே குலத்தைச் சேர்ந்த இச்சிறுவரை 1787-ஆம் ஆண்டில் தத்து எடுத்துக்கொண்டார். அதே ஆண்டில் மன்னர் காலமானார். சிறுவருக்கு அப்போது வயது பத்துகூட நிறையவில்லை. துளஜாவின் சகோதரரான அமரசிங்கர் அரியணை ஏறினார். தத்து செல்லாது என்ற வழக்கு எழுந்தது. அரண்மனைக்குள்ளேயே அடைபட்டு, கல்வியும் காற்றும் இன்றி வாடும் நிலை இளவரசருக்கு நேர்ந்தது.

அந்நிலையில் அவருக்குத் துணையாக நின்றவர் சுவார்ட்ஸ் பாதிரியார். ஜெர்மனி நாட்டினராகிய அவர் தமிழும் மராட்டியும் பாரசீகமும் பயின்றவர். துளஜா மன்னரின் நம்பிக்கைக்கு உரியவராக இருந்தவர். அவருடைய முயற்சியால் இளவரசர் 1793-ஆம் ஆண்டில் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே கெரிக்கே என்னும் மற்றொரு பாதிரியாரின் மேற்பார்வையில் ஆங்கிலமும் கணிதமும் மேனாட்டு அறிவியலும் கற்றார். தத்து செல்லும் என்று ஆங்கிலேயர் முடிவு கூறியபின், 1798-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அரியணை ஏறினார். ஆசானாகிய சுவார்ட்ஸ் அதைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே மறைந்துவிட்டார். சமயத்தால் வேறுபட்ட அவ்வாசானை மன்னர் இறுதிவரை மறக்கவில்லை. பிளாக்ஸ்மன் என்னும் புகழ்பெற்ற சிற்பியைக் கொண்டு இங்கிலாந்தில் பளிங்கு நினைவுச் சின்னம் ஒன்று செய்வித்துத் தஞ்சைக்கு வரவழைத்தார். அது இன்றும் அங்குள்ள தேவாலயத்தில் இருக்கிறது.

நாடு இழந்தும் பணி இழவாமை

முடி சூடிய மறு ஆண்டே, அதாவது 1799-ஆம் ஆண்டு அக்டோபரில், நாட்டின் நிர்வாகம் முழுவதையும் ஆங்கிலக் கம்பெனியாருக்கு விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கையில் மன்னர் கையெழுத்திட நேர்ந்தது. கோட்டையும், ஆண்டு மானியமும், வருவாயில் ஒரு பங்கும் அவருக்கு எஞ்சின. வயது இருபத்திரண்டு. படையும் இல்லை, வரி விதிக்கும் உரிமையும் இல்லை. இத்தகைய நிலையில் வேறு ஒருவராக இருந்தால் வேட்டையிலும் கேளிக்கையிலும் காலத்தைக் கழித்திருப்பார். சரபோஜியோ, ஆள்வதற்கு நாடு இல்லாவிட்டாலும் அறிவதற்கு உலகம் இருக்கிறது என்று கருதியவர் போல் நடந்துகொண்டார்.

நாயக்கர் காலம் முதல் இருந்து வந்த அரண்மனை நூல்நிலையத்தைச் சரசுவதி மகால் என்று உலகம் போற்றும் நிலைக்கு உயர்த்தியவர் அவரே. பல நாடுகளிலிருந்தும் சுமார் 4,000 அச்சு நூல்களை வரவழைத்தார். அவர் வாங்கிய ஆங்கில நூல்களில் அவருடைய கையொப்பத்தை இன்றும் காணலாம். 1805-ஆம் ஆண்டில் தேவநாகரி அச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். பெரிய கோயிலின் சுவரில் தம் மராட்டிய குலத்தின் வரலாற்றை 1803-ஆம் ஆண்டில் மிக நீண்ட கல்வெட்டாகப் பொறிக்கச் செய்தார். உலக நாடுகளின் அமைப்பைக் குறத்தியின் வாயிலாகக் கூறும் தேவேந்திரக் குறவஞ்சி என்னும் மராட்டி நாடகமும் அவர் பெயரால் வழங்குகிறது. ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயரால் அமைந்த சத்திரத்தில் வழிப்போக்கருக்கு உணவும் சிறுவர்க்குக் கல்வியும் நோயாளர்க்கு மருந்தும் கிடைத்தன.

இவை அனைத்திலும் ஓர் ஒற்றுமை உண்டு. அறிந்ததை எழுதி வைக்கவேண்டும் என்னும் வேட்கையே அது. ரயில்வே அலுவலகத்தில் பதிவேடுகளோடு காலங்கழிக்கும் என்போன்றவர்க்கு இவ்வேட்கையின் அருமை நன்கு விளங்கும். ஏட்டில் ஏறாத செய்தி நாளடைவில் இல்லாத செய்தியாகிவிடுகிறது.

தன்வந்திரி மகால்

மன்னருக்கு மருத்துவத்தில் இருந்த ஈடுபாடு பொழுதுபோக்கு அன்று. மனித உடலின் அமைப்பை அறிய எலும்புக்கூடு ஒன்று வேண்டும் என்று விரும்பினார். இறந்தவரின் எலும்பை அரண்மனையில் வைப்பது ஆசாரத்திற்கு ஒவ்வாது. ஆகவே, யானைத் தந்தத்தால் எலும்புக்கூடு ஒன்று செய்து அனுப்புமாறு இங்கிலாந்திற்குச் சொல்லி அனுப்பினார். ஆசாரத்தையும் விடாமல் அறிவையும் விடாமல் நடந்த அவருடைய வழி இது.

தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை அவர் நிறுவினார். சித்த மருத்துவரும், ஆயுர்வேத பண்டிதரும், யூனானி வைத்தியரும், ஆங்கில முறை கற்றவரும் அங்கே ஒன்றாக இருந்து பணி செய்தனர். மனிதர்க்கும் விலங்குகட்கும் மருந்துகள் செய்யப்பட்டன. மூலிகைகள் வண்ணப் படங்களாகத் தீட்டப்பட்டன. ஆராய்ந்து பயன் கண்ட முறைகள் தமிழ்ச் செய்யுளாகவும் இயற்றப்பட்டு, சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரால் வழங்கலாயின. சரசுவதி மகால் நூல்நிலையத்தார் அவற்றைப் பிற்காலத்தில் பல தொகுதிகளாக அச்சிட்டுள்ளனர். நயன ரோகம், அதாவது கண்ணோய், பற்றிய தொகுதியும் அவற்றுள் ஒன்று.

கண்ணோயாளர் ஏடுகள்

இம்மன்னரின் பணிகளுள் கண் மருத்துவமே நம் கருத்தை மிகவும் கவர்வது. செல்லும் இடமெல்லாம் அறுவைக் கருவிப் பெட்டியை உடன் கொண்டு செல்வார் என்றும், கண்புரை அறுவையைத் தாமே செய்தார் என்றும் அவரைப் பற்றிச் சொல்லி வருகிறார்கள். அரசர் கையால் நடந்தவை எவ்வளவு, அவருடைய மருத்துவர் கையால் நடந்தவை எவ்வளவு என்பதைக் காட்டிலும் வியப்பானது வேறொன்று உண்டு. சிகிச்சை பெற்றவர்களைப் பற்றிய குறிப்புகள் ஆங்கிலத்தில் விரிவாக எழுதப்பட்டுச் சரசுவதி மகாலில் பாதுகாக்கப்பட்டுள்ளன. 2003-ஆம் ஆண்டில் இவை சென்னைக் கண் மருத்துவர்களின் கவனத்திற்கு வந்தன. அவர்கள் ஆராய்ந்து உலகிற்கு எடுத்துக் கூறினர். 40-க்கும் மேற்பட்ட நோயாளர்களின் குறிப்புகள் அவற்றில் உள்ளன. அவருள் பெரும்பாலோர் கண்புரையால் துன்புற்றவர்கள். நோயின் வரலாறு, கண்ணின் தோற்றம், செய்த சிகிச்சை, அதன் பயன் ஆகியவை எழுதப்பட்டிருப்பதோடு, நோயுற்ற கண்களின் வண்ணப் படங்களும் உள்ளன.

இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். மன்னரின் தாய்மொழி மராட்டி. நோயாளர் வாழ்ந்தது தமிழ் வழங்கும் சோழ நாட்டில். ஏடு எழுதப்பட்டதோ ஆங்கிலத்தில். ஆயினும் கண்ணில் நோயுற்ற ஒருவரின் குறை, இத்தனை மொழிகளையும் தாண்டி, கேட்பவர் செவியை அடைந்து தாளிலும் ஏறிவிட்டது. கேட்கும் பொறுமை ஒருவருக்கு இருந்தால் மொழி தடையாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அக்கால அறுவை

அன்று கண்புரைக்குச் செய்த அறுவை எத்தகையது என்பதை அறிந்தால்தான் இன்று நமக்குள்ள வசதியின் அருமை விளங்கும். நம் கண்ணின் கருமணிக்குப் பின்னால் தெளிவான வில்லை ஒன்று இருக்கிறது. புகைப்படக் கருவியின் கண்ணாடி போல் அது ஒளியைக் குவித்து உள்ளே அனுப்புகிறது. முதுமையில் அவ்வில்லை பாலேடு படிந்தாற்போல் வெண்மையாகிவிடுவதையே கண்புரை என்கிறோம். பழைய முறையில், மருத்துவர் கூரிய ஊசியைக் கண்ணுக்குள் செலுத்தி, அந்த வில்லையை ஒளி செல்லும் வழியிலிருந்து கீழே தள்ளிவிடுவார். சுசுருதர் காலம் முதல் நம் நாட்டில் வழங்கிய முறை இது. வில்லையை வெளியே எடுக்கும் முறையைப் பிரான்சு நாட்டு மருத்துவர் தாவியேல் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் பரப்பத் தொடங்கினாரெனினும், ஊசியால் தள்ளும் முறை உலகெங்கும் நெடுங்காலம் நிலவியது.

மயக்க மருந்து அன்று இல்லை. கண்ணை மரக்கச் செய்யும் சொட்டு மருந்து 1884-ஆம் ஆண்டில்தான் வந்தது. கிருமிகளைப் பற்றிய அறிவும் இல்லை. நோயாளியின் தலையை ஒருவர் இறுகப் பிடித்துக்கொள்ள, ஊசி உள்ளே செல்லும். உடனே வெளிச்சம் தெரியும். பார்வை மீண்டது என்று மகிழ்வர். ஆனால் தள்ளப்பட்ட வில்லை கண்ணுக்குள்ளேயே கிடக்கும். பலருக்குச் சில நாட்களிலோ மாதங்களிலோ வீக்கமும் அழுத்தமும் உண்டாகி அப்பார்வையும் அழிந்துபோகும். ஆகவேதான், அறுவை செய்ததோடு நில்லாமல் பின்னர் என்ன ஆயிற்று என்பதையும் எழுதி வைத்த தஞ்சை ஏடுகள் சிறப்புடையன. வெற்றியை மட்டும் எழுதுபவன் விளம்பரக்காரன். விளைவை எழுதுபவனே மருத்துவன்.

இன்றோ கெட்டுப்போன வில்லையை எடுத்துவிட்டு அவ்விடத்தில் செயற்கை வில்லையை வைக்கிறார்கள். இங்கிலாந்தில் ரிட்லி என்னும் மருத்துவர் 1949-ஆம் ஆண்டில் தொடங்கிய முறை இது. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகின்றனர். கண்புரை முற்றவேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலமும் மலையேறிவிட்டது.

இறுதிக் காலம்

1820-ஆம் ஆண்டில் மன்னர் பெரும் பரிவாரத்தோடு காசி யாத்திரை புறப்பட்டார். புண்ணிய நீராடச் சென்ற இடத்திலும் சுவடிகளைத் தேடிச் சேர்த்துக்கொண்டு திரும்பினார். 1826-ஆம் ஆண்டில் தஞ்சைக்கு வந்த ஹீபர் பேராயர், மேனாட்டு அறிவியல் அறிஞர்களின் நூல்களில் மன்னருக்கு இருந்த பயிற்சியைக் கண்டு வியந்தார். அவருடைய காலத்திலேயே, 1819-ஆம் ஆண்டில், சென்னையில் கண்ணுக்கென்றே தனி மருத்துவமனை தோன்றியது. எழும்பூரில் இன்றுள்ள அரசுக் கண் மருத்துவமனை அதுவே. 1832-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள் சரபோஜி மன்னர் காலமானார். மகன் சிவாஜி 1855-ஆம் ஆண்டில் ஆண் வாரிசு இன்றி மறைந்ததும் அரசுரிமையும் மறைந்தது. நூல்நிலையம் மட்டும் மறையவில்லை. 1918-ஆம் ஆண்டில் அது பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்டது.

மன்னர் காண இயலாத பின்புறம்

சரபோஜி மன்னரின் ஓவியர்கள் தீட்டிய படங்கள் யாவும் கண்ணின் முன்புறத் தோற்றங்களே. வெண்விழி, கருவிழி, அதனுள் தெரியும் புரை ஆகிய இவற்றையே எவரும் காண முடிந்தது. உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள் பின்புறத்தை நோக்கும் வழி அப்போது உலகில் எங்கும் இல்லை. மன்னர் மறைந்து 19 ஆண்டுகளுக்குப் பின், 1851-ஆம் ஆண்டில், ஜெர்மனி நாட்டு அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒளியைக் கண்ணுக்குள் செலுத்திப் பின்சுவரைக் காணும் கருவியைக் கண்டுபிடித்தார். அதன் பின்னரே, முன்புறம் பளிங்குபோல் தெளிவாக இருக்கும்போதே பின்புறத்தில் பார்வையைக் கெடுக்கும் நோய்கள் பல உண்டு என்பது தெரியவந்தது. நம் வீட்டு முதியோர்க்கு இன்று பெரும் கேடு விளைப்பவை இப்பின்புற நோய்களே. ஆதலால் அவற்றைச் சிறிது விளக்கமாகக் கூறுவது நலம்.

கண்ணின் உட்சுவரில் விழித்திரை என்னும் மெல்லிய படலம் உள்ளது. திரைப்படக் கொட்டகையின் வெண்திரை போல் உருவங்கள் அதன்மீது விழுகின்றன. அதன் நடுவே சுமார் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு பகுதியை மாகுலா என்றும் மஞ்சள் புள்ளி என்றும் மருத்துவர் அழைப்பர். படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், எதிரே வருபவர் முகத்தை அறிவதும் அச்சிறு பகுதியின் வேலையே. முதுமையில் அப்பகுதி தேய்ந்து சிதைவதுதான் மாகுலா சிதைவு நோய். ஐம்பது வயதைக் கடந்தவர்க்கு இது வரலாம். வயது ஏற ஏற வாய்ப்பும் ஏறும். பீடி, சிகரெட் பிடிப்பவர்க்கும், குடும்பத்தில் முன்னோர்க்கு இருந்தவர்க்கும் அபாயம் மிகுதி.

இது இருவகைப்படும். உலர்ந்த வகை மெல்ல மெல்ல, ஆண்டுக்கணக்கில் வளரும். ஈர வகையில், விழித்திரைக்கு அடியில் புதிய மெல்லிய இரத்தக் குழாய்கள் முளைத்து, நீரும் இரத்தமும் கசியும். சில வாரங்களிலேயே பார்வை கெட்டுவிடும். நேரான கோடுகள் வளைந்து தோன்றுவதும், பார்க்கும் பொருளின் நடுவில் கறை படிந்தாற்போல் தெரிவதும் இதன் அடையாளங்கள். இந்நோயுற்றவர் முழுக் குருடர் ஆவதில்லை. ஓரப்பார்வை நிற்கும். சுவரில் மோதாமல் நடப்பார். ஆனால் பேரனின் முகம் தெரியாது. ரயில் நிலையத்திற்குத் தாமே வந்துவிடுவார். ஆனால் கால அட்டவணையைப் படிக்க இயலாது. நன்றாகத்தான் நடமாடுகிறார், பின் ஏன் அடையாளம் தெரியாததுபோல் இருக்கிறார் என்று வீட்டார் மனம் வருந்துவதும் உண்டு. அது புறக்கணிப்பு அன்று, நோய் என்பதை அவர்கள் அறியவேண்டும்.

ஈர வகைக்கு இப்போது கண்ணுக்குள் போடும் ஊசி மருந்து உண்டு. 2006-ஆம் ஆண்டு முதல் இத்துறையில் பெரிய முன்னேற்றம் ஏற்பட்டது. கசிவை அடக்கி, எஞ்சிய பார்வையைக் காத்து, சிலருக்கு இழந்ததில் ஒரு பகுதியையும் மீட்டுத் தருகிறது. ஆனால் பலமுறை போடவேண்டும். காலந்தாழ்த்தினால் பயன் குறையும். உலர்ந்த வகையை முற்றும் தீர்க்கும் மருந்து இல்லை. சில நிலைகளில் குறிப்பிட்ட சத்து மாத்திரைகள் நோயின் வேகத்தைக் குறைக்கும். அவற்றையும் மருத்துவர் சொன்னாலன்றிக் கடையில் வாங்கி உண்ணலாகாது.

மற்றும் இரு பகைவர்

மாகுலா சிதைவைப் போலவே ஓசையின்றி வரும் வேறு இரண்டு நோய்கள் உள்ளன. ஒன்று கண் அழுத்த நோய். கிளாக்கோமா என்பது இதுவே. கண்ணுக்குள் ஊறும் நீர் சரிவர வடியாமல் அழுத்தம் மிகுந்து, மூளைக்குச் செய்தி கொண்டு செல்லும் நரம்பு அழிகிறது. சிலருக்கு அழுத்தம் மிகாமலே நரம்பு கெடுவதும் உண்டு. மாகுலா நோய் நடுப்பார்வையைக் கெடுத்தால், இது ஓரப்பார்வையை முதலில் அரிக்கும். பெரும்பாலோர்க்கு வலியே இராது. இழந்ததை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. இருப்பதைச் சொட்டு மருந்தாலும் அறுவையாலும் காக்கலாம்.

மற்றொன்று சர்க்கரை நோயால் விழித்திரைக்கு வரும் கேடு. சர்க்கரை நோய் பல ஆண்டுகள் நீடித்தவர்க்கு விழித்திரையின் மெல்லிய குழாய்கள் கெட்டு இரத்தம் கசியும். பார்வை நன்றாக இருக்கும்போதே இது தொடங்கிவிடும். ஆகையால் சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கருமணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்வது கட்டாயம். அம்மருந்தினால் சில மணி நேரம் கண் கூசும், எழுத்தும் மங்கும். ஆதலால் துணைக்கு ஒருவர் உடன் செல்லவேண்டும்.

நாற்பது வயதில் வரும் வெள்ளெழுத்து இவற்றோடு சேர்ந்ததன்று. அது எல்லோர்க்கும் வருவது. கண்ணாடி அணிந்தால் தீர்வது. ஆனால் கடைத்தெருவில் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து வாங்கிக்கொண்டு, எழுத்துத் தெரிகிறது என்று நிறைவடைந்துவிடுகிறோமே, அங்கேதான் ஆபத்து இருக்கிறது. கண்ணாடிக் கடையில் பின்புறத்தை எவரும் பார்ப்பதில்லை.

நம் குடும்பங்களுக்கு

நம் காலனியில், ஊரிலிருந்து மகன் வீட்டிற்கு வந்து தங்கும் தாய் தந்தையர் பலர் உள்ளனர். அவர்களுக்கு இவ்வூர் மொழி வராது. மருத்துவமனையில் மருத்துவர் தெலுங்கில் கேட்பார். மகன் பதில் சொல்வான். தாய் சும்மா உட்கார்ந்திருப்பாள். கோடு வளைந்து தெரிகிறது, நடுவிலே புகை மூட்டம் போல் இருக்கிறது என்று அவளுக்கு மட்டும் தெரிந்த செய்தி அவளோடே நின்றுவிடும். மகனுக்குத் தொல்லை வேண்டாம், வயதானால் இப்படித்தான் என்று அவள் வீட்டிலும் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை. பின்புறக் கண்ணோய்கள் வலி தந்து தம்மை அறிவிப்பதில்லை, கேட்டால்தான் வெளிப்படும். கேட்காத வீட்டில் அவை வளரும்.

ஆகவே ஒரு சிறு பழக்கத்தை நம் வீடுகளில் கொள்ளலாம். மாதம் ஒருமுறை பெரியவர்களை அமரச் செய்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி, மற்றொரு கண்ணால் சன்னல் கம்பியையோ கட்டம் போட்ட தாளையோ பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடே பார்க்கலாம். கம்பி நேராகத் தெரிகிறதா, கட்டங்களில் ஏதேனும் மறைகிறதா என்று கேளுங்கள். பிறகு மறுகண். இரண்டு கண்ணாலும் ஒன்றாகப் பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். ஆதலால் தனித்தனியே பார்ப்பது இன்றியமையாதது. ஆம்ஸ்லர் என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவர் இத்தகைய கட்டப் படத்தையே நோயாளர்க்குக் கொடுத்து வழக்கமாக்கினார். மாறுதல் தெரிந்தால் அடுத்த விடுமுறை வரட்டும் என்று காத்திராமல் உடனே கண் மருத்துவரிடம் செல்லவேண்டும். திருப்பதியில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையாரின் கிளை 2019-ஆம் ஆண்டில் தோன்றியது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஷெல் கண் மருத்துவமனையும் நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. நம் சந்திரகிரியிலிருந்து காட்பாடி செல்லும் ரயிலில் ஏறினால் போதும்.

ரயில் ஓட்டுபவருக்கும், கொடியும் விளக்கும் காட்டுபவருக்கும் குறித்த காலந்தோறும் கண் பரிசோதனை உண்டு. பல உயிர்கள் அக்கண்களை நம்பி இருப்பதால் அந்த ஏற்பாடு. அடுப்பங்கரையில் இருக்கும் தாயின் கண்ணை நம்பி ஒரு குடும்பமே இருக்கிறது. அதற்குக் காலம் குறிப்பவர் நாமேயன்றி வேறு எவர்?

இன்னொரு செய்தியும் உண்டு. மருத்துவர் தரும் சீட்டுகளை ஓர் உறையிலிட்டுப் பத்திரமாக வையுங்கள். எந்த நாளில் எந்தக் கண்ணில் எவ்வளவு பார்வை, எவ்வளவு அழுத்தம், என்ன மருந்து என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதுங்கள். பெரியவர் தம் வாயால் சொன்ன குறையைத் தமிழிலேயே எழுதி, மருத்துவரிடம் செல்லும்போது தெலுங்கில் படித்துக் காட்டுங்கள். நம் பிள்ளைகள் இங்குள்ள பள்ளிகளில் தெலுங்கு பயில்கிறார்கள் அல்லவா? பாட்டியின் சொல்லை மருத்துவர்க்கு மொழிபெயர்த்துச் சொல்லும் பணியை அவர்களிடம் ஒப்படைக்கலாம். இரு மொழி அறிந்ததன் பயனை அவர்கள் அன்று உணர்வார்கள்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன், மயக்க மருந்தும் விழித்திரை காணும் கருவியும் இல்லாத காலத்தில், நாடிழந்த அரசர் ஒருவர் தம் மக்களின் கண்ணோயைக் கேட்டறிந்து ஏட்டில் ஏற்றுவித்தார். கேட்கும் செவியும் எழுதும் கையும் தவிர அவரிடம் அதிகமாக ஒன்றும் இருக்கவில்லை. அவ்விரண்டும் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கின்றன. அவர் காலத்தில் இல்லாத மருந்தும் கருவியும் அரை மணிப் பயணத்தில் கிடைக்கின்றன. இந்த ஆண்டு விழாவிற்கு வந்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும், அடுத்த ஆண்டு விழாவிற்குள், தம் வீட்டு முதியோரின் கண்களை ஒருமுறை கேட்டறிந்து, பரிசோதித்து, எழுதி வைக்குமானால், அதுவே சரபோஜி மன்னருக்கு நாம் செய்யும் நன்றியாகும். சங்கத்துப் பெரியோர் அனைவரும் தெளிந்த பார்வையோடு நெடுநாள் வாழ்க!